இடது செவி

ஞானதாசன் சுருதிக்கவையை முழங்காலில் தட்டினார். அந்த இரண்டு கால் எஃகுத் துண்டை இடது செவியருகே வைத்து முனகினார். அந்த முனகலைப் பிடித்துக்கொண்டு பாடகர் குழு வாயைத் திறந்தது.

"நிறுத்துங்க" என்றான் சத்தியநேசன்.

சனிக்கிழமை ஒத்திகை. ஆர்மோனியம் வாங்க வழியில்லாத சிறிய கிறிஸ்தவ சபை. ஞானதாசன் எடுப்பதுதான் சபைக்குச் சுருதி. பத்து மாதத்துக்கு முன் இதே இடத்தில் சத்தியநேசனின் மனைவி ஜெயபாய் எழுந்து, "அண்ணாச்சி, கவை சொல்லுகது ஒண்ணு, நீங்க எடுக்கது ஒண்ணு. சுருதி கூடிப்போச்சு" என்றாள். "செவி கெட்டவளுக்குப் பாட்டு எதுக்கு?" என்று பாடகர் நோட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார் அவர். அதன்பின் அவள் வீட்டில்கூடப் பாடவில்லை. மாசியில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. கல்லறைத் தோட்டத்தில் இதே ஆள் எடுத்த சுருதியில் அடக்கப் பாட்டு இரண்டாம் சரணத்தில் ஏறமுடியாமல் உடைந்தது. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சத்தியநேசனுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

"என்ன சாரே, பள்ளிக்கூடத்துல பௌதிகம் படிப்பிச்சா ஒத்திகைய நிறுத்தலாமா?"

"அவளுக்க பேர நோட்டுல திருப்பி எழுதணும். அதுக்கு வந்தேன்."

"செவி கெட்டவளுக்க பேரா?"

"ஆருக்க செவி கெட்டதுன்னு பாப்பம். கண்ண மூடுங்க. கவை உங்க கவைதான். மாத்திட்டேன்னு பொறவு சொல்லப்பிடாது."

குழுவின் முன் பின்வாங்க ஞானதாசனுக்கு மானம் விடவில்லை. கண்ணை மூடினார். சத்தியநேசன் கவையைத் தட்டி வலது செவியில் வைத்தான். முனகினார். மறுபடி தட்டி இடது செவியில் வைத்தான். முனகினார்.

முன்வரிசையில் நின்ற பேபி வாயைப் பொத்தினாள். "யம்மா, ரெண்டும் ரெண்டு சுருதியாக்கும்!"

"ஏட்டி, சும்மா கெட. சாரு ரெண்டு கவை வச்சு விளையாடுகாரு."

"ஒண்ணுதான்" என்று அவர் கையிலேயே கொடுத்தான். ஞானதாசன் தானே தட்டி வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றி வைத்தார். கவையை இறக்கினார்.

"எடது பக்கம்... சுருதி கூடுதலா கேக்குது."

"அந்தச் செவியில எப்பவாவது சீழ் வந்துதா?"

"போன ஆடியில. எண்ணெ காச்சி ஊத்தினேன்."

வகுப்பில் சொல்வதையே சத்தியநேசன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். செவிக்குள்ளே நத்தைக்கூடு போலச் சுருண்ட குழல். ஒவ்வொரு சுருதிக்கும் அதில் ஓரிடம். சீழ் ஓரிடத்தைக் கெடுத்தால் பக்கத்து இடம் பதில் சொல்லும். மூளை எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை. கூப்பிட்ட இடத்தை நம்பிவிடும். கெட்ட செவி கூட்டிச் சொன்ன பொய்க்கு ஈடாக, நல்ல செவி குரலை ஏற்றிக் கொடுக்கும்.

"வலது கையில பாட்டுப் புஸ்தகம். அதனால கவை எப்பவும் எடது கையில, எடது செவியில. அவ சொன்ன அண்ணைக்கு ஒருக்க கை மாத்தியிருந்தா போதும்."

"நான் பொய் சொல்லல மக்கா. எனக்கு அப்படித்தான் கேட்டுது."

"அவளும் கேட்டதத்தான் சொன்னா. அதுக்குத்தான் பேர அடிச்சீங்க."

ஞானதாசன் நோட்டைப் பிரித்தார். ஜெயபாய் என்று எழுதி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. "இனி என்ன செய்யணும் சாரே?"

"கல்லறையில எடுத்த பாட்ட எடுங்க. வலது செவியில."

பாடினார்கள். இரண்டாம் சரணம் வந்தது. பேபியின் குரல் உடையாமல் உச்சியில் ஏறி, படி இறங்குவதுபோல் இறங்கியது. இவ்வளவுதானா? ஒரு கை மாற்றுகிற அளவுதானா? சத்தியநேசன் முன்னாலிருந்த பெஞ்சை ஓங்கி உதைத்தான். அது கவிழ்ந்து விழுந்தது. யாரும் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தப் பயந்து, கடைசிச் சரணம்வரை பாடினார்கள்.