காரமில்லாத பதினாலு மாதம்

பெரியநாயகிக்கு அல்சர் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அவளுக்கு. களமருதூரில் அவள் வீட்டில் மிளகாய் பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி கேட்கிற ஒரே ஆள் அவள்தான். அப்படிப்பட்டவள் கல்வராயன் மலையில் டீச்சர் வேலை பார்த்த முதல் பதினாலு மாதமும், மிளகாய் என்று ஒன்று உலகத்தில் இல்லாதது போலச் சாப்பிட்டாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. தன் வாயாலேயே போய் மாட்டிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். வெள்ளிமலையைத் தாண்டி இருந்த அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு டீச்சர்கள். வாடகைக்குக் கிடைத்ததோ ஒரே அறை. இன்னொரு டீச்சர் செந்தமிழ்ச்செல்வி. திருநாவலூர் என்று சொல்லிக்கொண்டாலும் வீடு ஊருக்குள் இல்லை, ஊரைத் தாண்டி இருக்கிற காலனியில். இதைப் பெரியநாயகியின் அம்மா இரண்டே நாளில் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். இந்தச் சாமர்த்தியத்தை வேறு எதிலாவது காட்டியிருந்தால் குடும்பம் எங்கேயோ போயிருக்கும்.

"ஒரே ரூம்ல இருந்துக்கோ, வேணான்னு சொல்லல. அடுப்பு மட்டும் தனியா வச்சிக்கோ," என்றாள் அம்மா. சொன்னதோடு விடாமல், பரண் மேலிருந்து பெரியப்பாவின் பட்டாளத்து ஸ்டவ்வை இறக்கிக் கையில் கொடுத்தாள்.

சின்னப் பித்தளை ஸ்டவ் அது. மூன்று கால்களையும் மடக்கினால் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பெரியப்பா அதைத் தூக்கிக்கொண்டு எந்தெந்தப் பனிமலையிலோ டீ போட்டிருக்கிறார். செந்தமிழ்ச்செல்வியிடம் இருந்ததும் கிட்டத்தட்ட அப்படிப்பட்டதுதான், இன்னும் கொஞ்சம் பெரியது. சர்வேக்காரர்கள் கூடாரத்தில் வைத்திருந்தது, கள்ளக்குறிச்சிச் சந்தையில் பழைய சாமான் கடைக்கு வந்திருந்தது. இரண்டும் மண்ணெண்ணெயில் எரிகிற பம்பு ஸ்டவ். வீட்டுக்காரர் சடையன், பரண் நிறையச் சாமை வைக்கோலை அடைத்து வைத்துக்கொண்டு, "வெறகு அடுப்பு மட்டும் கூடாதுங்க, பொறி பறக்கும்," என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பம்பு ஸ்டவ் சில நேரம் ஆள் உயரத்துக்குக் குப்பென்று எரியும் என்பதை இரண்டு டீச்சர்களும் அவரிடம் சொல்லவில்லை.

வந்த அன்று சாயங்காலமே செந்தமிழ்ச்செல்வி கருவாட்டுக் குழம்பு வைத்து, இரண்டு தட்டு எடுத்துப் போட்டாள். "வாங்க டீச்சர், சூடா இருக்கு."

பெரியநாயகிக்கு வாயில் எச்சில் ஊறியது. காதிலோ அம்மாவின் குரல். "எனக்கு அல்சருங்க. காரம் ஆவாது," என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்துக்கு அது நல்ல பொய்யாகத்தான் தெரிந்தது. தனி அடுப்புக்கும் காரணம் ஆயிற்று, யார் மனமும் நோகவில்லை. ஒரு நாள் சொன்ன பொய்யைத் தினம் மூன்று வேளை தின்றாக வேண்டும் என்பது மறுநாள்தான் உறைத்தது.

அன்றிலிருந்து ஒரே அறையில் கிழக்கு மூலையில் ஒரு ஸ்டவ், மேற்கு மூலையில் ஒரு ஸ்டவ். காலையில் இரண்டும் சேர்ந்து இரைந்தால் பேச்சே கேட்காது. கிழக்கே பெரியநாயகியின் மோர்ச்சோறும் வெந்த பூசணிக்காயும். மேற்கே பூண்டு, வரமிளகாய், புளி. மாதம் ஒரு தடவை ஊருக்குப் போகும்போதுதான் அவள் நாக்குக்கு விமோசனம். அல்சர் கதையை வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால் செந்தமிழ்ச்செல்வி அந்தப் பொய்யை அப்படியே நம்பினாள். மணத்தக்காளிக் கீரை வயிற்றுப் புண்ணுக்கு நல்லது என்று, காட்டுக்குப் போய்வரும் மூக்காயியிடம் சொல்லி வைத்து, வாரம் தவறாமல் ஒரு கட்டு வாங்கி ஆய்ந்து கொடுத்தாள். "பச்சையா நாலு எலை மென்னு பாருங்க டீச்சர், எரிச்சல் கொறையும்." பெரியநாயகி மெல்லுவாள். கசக்கும். கீரையைவிடத் தன் மேலேயே அவளுக்குக் கசப்பு அதிகம். ஒவ்வொரு வாரமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். சொன்னால், பிறகு எதற்கு அந்தப் பொய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு மென்றாள். செந்தமிழ்ச்செல்வியை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அதுதான் பயமே.

எண்பத்தேழு செப்டம்பரில் பெரியநாயகியின் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் செய்தார்கள். கீழே ரோடெல்லாம் புளியமரம் வெட்டிப் போட்டுக் கிடந்தது. பஸ் இல்லை, தபால் இல்லை. பெரியநாயகியின் தம்பி இளஞ்செழியனும் மறியலில்தான் இருந்தான். மலையில் பள்ளிக்கூடம் வழக்கம்போல நடந்தது.

மறியலின் முதல் நாளே பெரியநாயகியின் ஸ்டவ் நின்றது. தீ மஞ்சளாக எரிந்து புகைந்ததால், எண்ணெய் பீய்ச்சுகிற நிப்பிளில் அடைப்பு என்று ஸ்டவ் பின்னை விட்டுக் குத்தினாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நேராக இழுக்காமல் சாய்த்து இழுத்தாள். மயிர் கனத்துக் கம்பி உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. செந்தமிழ்ச்செல்வியின் பின் கொஞ்சம் தடிமன், இந்த ஓட்டையில் நுழையாது. கள்ளக்குறிச்சிக்குப் போனால் எட்டணாவுக்கு ஒரு அட்டை பின் கிடைக்கும். கள்ளக்குறிச்சிக்குத்தான் போக முடியாது.

அன்று மூன்று வேளையும் அவலை நனைத்துத் தின்றாள். மறுநாள் விடிந்து பார்த்தால், மேற்கு மூலை ஸ்டவ் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அவள் மூலையில் உட்கார்ந்திருந்தது.

"மொதல்ல நீங்க ஆக்கிக்கோங்க டீச்சர். அல்சர்காரங்க வெறும் வயித்தோட இருக்கக்கூடாது," என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

"உங்களுக்கு?"

"நான் பொறவு ஆக்கிக்கறேன்."

இரண்டு சமையல் முடிவதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு நாள் செந்தமிழ்ச்செல்வி காலையில் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனாள். நாலாவது நாள் பெரியநாயகி, "நீங்களே எனக்கும் சேத்து ஆக்கிடுங்க," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தலையில் இடி விழவில்லை. செந்தமிழ்ச்செல்வி பெரியநாயகியின் பாத்திரத்தில், மிளகாய் படாத தனிக் கரண்டி போட்டு, பருப்புச் சோறு குழைய ஆக்கி முதலில் அவளுக்கு வைத்தாள். தனக்கு அதற்கப்புறம்.

மறியல் முடிந்த இரண்டாம் நாள் மத்தியானம் இளஞ்செழியன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை. கச்சிராயபாளையம் வரை பஸ், அப்புறம் நடை. கை இரண்டும் கொப்புளம். அக்கா என்ன ஆனாளோ என்று அம்மா விரட்டியிருக்கிறாள்.

"மரம் அறுத்து அறுத்துக் கையே போயிடுச்சிக்கா. எத்தினி நாளைக்கித்தான் நம்மள ஒதுக்கி வெச்சிக்கினு இருப்பானுங்க? அதான் ரோட்ல உக்காந்தோம்," என்றான். உண்மையான கோபம்தான். அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில், அந்த இரண்டு மூலைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து அவன் அதைச் சொன்னபோது பெரியநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

செந்தமிழ்ச்செல்வி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "தம்பி, டீச்சருக்கு அல்சர் மாத்திரை ஏதாச்சும் வாங்கியாந்தீங்களா? ஒரு வாரமா வெறும் பருப்புச் சோத்துலயே ஓட்டிக்கினு இருக்காங்க."

"அல்சரா? யாருக்கு?"

"உங்க அக்காவுக்குத்தான்."

இளஞ்செழியன் சிரித்துவிட்டான். "இவளுக்கா? நல்லா சொன்னீங்க போங்க! பொங்கலுக்கு வந்தப்போ ஒரு ஜாடி மொளகா ஊறுகாய ஒண்டியா காலி பண்ணிட்டுப் போனவ!"

செந்தமிழ்ச்செல்வி திரும்பி, கிழக்கு மூலையில் தகரப் பெட்டியோடு கிடந்த ஸ்டவ்வைப் பார்த்தாள். அப்புறம் பெரியநாயகியைப் பார்த்தாள்.

தம்பிக்கு இதெல்லாம் புரியவில்லை. ஸ்டவ்வைப் பார்த்ததும் நிப்பிளைக் கழற்றி, தட்டி, முறிந்த கம்பியை வெளியே எடுத்தான். எரிகிண்ணியில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, சூடேறியதும் பம்பு அடித்தான். நீலமாக எரிந்தது. "அவ்ளோதான்! இன்னாத்துக்கு ஒரு வாரமா கஷ்டப்பட்டீங்க?" என்றான்.

பெரியநாயகி அந்த ஸ்டவ்வில் டீ போட்டாள். மூன்று டம்ளரில் ஊற்றி, முதல் டம்ளரைச் செந்தமிழ்ச்செல்வியிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம் டீச்சர்," என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "அல்சர்."

"அய்யய்யோ, உங்களுக்கா? ஒடம்பப் பாத்துக்கோங்க," என்றான் இளஞ்செழியன். அந்த டம்ளர் டீ ஆடை கட்டி ஆறியது.

மூன்று மணிக்கு அவன் கிளம்பினான். பெரியநாயகி பட்டாளத்து ஸ்டவ்வை மடக்கிப் பெட்டியில் வைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இப்பத்தானே சரி பண்ணேன்?"

"எடுத்துக்கினு போ. அம்மா கேட்டா, இனிமே வேணாமாம்னு சொல்லு."

"ஏன்னு கேட்டா?"

"எனக்கு அல்சர் இல்லன்னு சொல்லு. அம்மாவுக்குப் புரியும்."

தம்பியை அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது செந்தமிழ்ச்செல்வி மேற்கு மூலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்திருந்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தட்டு நிறைய வரமிளகாய். பெரியநாயகி எதிரே போய் உட்கார்ந்தாள். சொல்ல நினைத்ததெல்லாம் ஒரு பக்கம் இருக்க, வாயில் வந்தது ஒன்றுதான்.

"தப்பு பண்ணிட்டேன்."

செந்தமிழ்ச்செல்வி நிமிரவில்லை. ஒரு பிடி அரிசியைக் கழுவி உலையில் போட்டாள். "பதினாலு மாசம் கீர ஆய்ஞ்சேன் டீச்சர்," என்றாள். கரண்டியால் உலையைக் கிளறிவிட்டு, "ஒரு ஆளுக்குத்தான் அரிசி போட்டிருக்கேன்," என்றாள்.

பெரியநாயகி எழுந்து தன் மூலைக்குப் போனாள். தன் டின்னைத் திறந்து ஒரு பிடி அரிசி எடுத்துக் கழுவினாள். கொண்டுவந்து அதே பானையில் போட்டாள். போட்ட கையைச் செந்தமிழ்ச்செல்வி பார்த்தாள். தடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

ஈர அரிசி விழுந்ததும் கொதி அடங்கிப்போனது. செந்தமிழ்ச்செல்வி குனிந்து பம்பை நாலு தடவை அடித்தாள்.