இன்றைக்குக் குரல் கொடுக்கவில்லை

என் வீட்டுக்காரருக்குப் பார்வை சரியில்லை என்று எனக்கு ஒரு மாதமாகவே சந்தேகம். கேட்டால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "என் கண்ணுக்கு என்ன கேடு? நீ உன் வேலையப் பாரு" என்பார். எங்கள் பிழைப்பே வண்டியும் அதன் பின்னால் போகும் மிதவைப் படகும்தான். பகலெல்லாம் ஏரியில் ஆட்களைச் சுற்றிக் காட்டுவோம், சாயங்காலம் படகை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவோம். அதைவிட, தினமும் மகளை அந்த வண்டியில் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அவர்தான்.

படகு ஏற்றுவதில் எங்களுக்குள் ஒரு பழக்கம். அவர் டிரெய்லரைப் பின்னால் தள்ளிக்கொண்டே சரிவில் இறக்குவார். நான் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடிங்க" என்று தொண்டை கிழியக் கத்துவேன். டிரெய்லர் மட்கார்டின் மேல்விளிம்பு மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் படகு டிரெய்லரின் தாங்குகட்டைகளில் உட்காராது. காற்று தள்ளின பக்கம் போகும்.

இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். கையை மட்டும் காட்டுவது. அவர் வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்து நிறுத்திவிட்டால் என் சந்தேகம் பொய்; காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கக்கூடத் தயார்.

வண்டி இறங்கியது. மட்கார்டு விளிம்புக்குத் தண்ணீர் வந்ததும் கயிற்றைப் பிடித்தபடியே இரண்டு கையையும் தூக்கினேன். நிற்கவில்லை. பைத்தியக்காரி மாதிரி கையை ஆட்டினேன். மட்கார்டு முழுகி, வண்டியின் பின்சக்கரமும் தண்ணீரில் இறங்கியது.

"அப்பா, நிறுத்துங்க." கரையில் மெத்தைகளை அடுக்கிக்கொண்டிருந்த மகள் கத்தினாள். அதற்குள் படகு கோணிக்கொண்டு போய், அதன் அடியில் இருக்கும் இடது மிதவை உருளை மட்கார்டில் இடித்தது.

இறங்கி வந்தார். "வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்க?"

"கையக் காட்டினேனே."

"எங்க காட்டின?"

"உங்க கண்ணாடிக்கு நேரா. ரெண்டு கையும்."

அவர் என்னைப் பார்த்தார், என் முகத்தை இல்லை, முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நான் வண்டியில் ஏறி, அதைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன். அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு உருளைகளையும் தடவித் தடவிப் படகைக் கட்டைகளுக்கு நேராகக் கொண்டுவந்தார். முன்பக்க வாரை மாட்டி, படகின் மூக்கு ரப்பர் தாங்கியில் முட்டும்வரை வாரைச் சுருட்டும் விஞ்ச் கைப்பிடியைச் சுற்றினார். பின்பக்கப் பட்டைகளை இறுக்கினார். கையால் செய்கிற வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாம் முடிந்ததும், சாவியைக் கேட்காமல் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மகள் எங்களுக்கு நடுவில்.

"எப்பலேருந்து?" என்றேன்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான். சொன்னா நீ ஓட்ட விடமாட்ட."

"பெத்த பிள்ளைய தினம் ஏத்திட்டுப் போனீங்களே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நாற்சந்தியில் சிவப்பு. பின்னால் படகின் பாரம் இழுக்க, மெதுவாகப் பிடித்து நிறுத்தினேன். மகள் நிமிர்ந்து முன்னால் பார்த்தாள், பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"பச்சை விழுந்துடுச்சுப்பா" என்றாள் மெல்ல. "எதிர்ல யாரும் இல்ல. போலாம்."

சொன்ன பிறகுதான், ஸ்டீயரிங்கில் இருந்த என்னைப் பார்த்தாள். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.