படங்கு இழுக்கும் சூட்டி

நாலு மாதக் குட்டி நாய் சூட்டியைப் பழக்குவது நிஷாந்திக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. முப்பத்தெட்டு வயதுப் புருசனைப் பழக்குவதில்தான் அவளுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

பிரதாப் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி விடும் அந்த வேலை பகல் ஒரு மணிக்கே முடிந்துவிடும். நிஷாந்தி கொழுந்து எடுத்து, நிறுத்துக் கொடுத்து, லயத்து வீட்டுக்குத் திரும்ப ஐந்து மணியாகும். இடையில் நான்கு மணி நேரம் வீட்டில் பிரதாப்பும் சூட்டியும் மட்டும்தான். எந்தக் கேடும் விளைய அது தாராளமான நேரம்.

கொழுந்தெடுக்கும் பெண்கள் செடியின் ஈரமும் குச்சியும் உடம்பில் படாமலிருக்க இடுப்பில் படங்கு என்ற தடித்த விரிப்பைச் சுற்றிக் கட்டுவார்கள். நிஷாந்தியின் பழைய படங்கு கிழிந்தபோது, பிரதாப் அதில் ஒரு முழம் வெட்டிச் சூட்டியின் வாயில் கொடுத்தான். குட்டி ஒரு முனையைக் கடித்து இழுக்கும், இவன் மறுமுனையை இழுப்பான். விளையாட்டு முற்றினால் படங்கை அப்படியே மேலே தூக்குவான். குட்டி நாலு காலும் தரையில் படாமல் தொங்கும்.

"பாத்தியா புள்ள, என்னா பிடி! புலிக்குட்டி!" என்று அவனுக்குப் பெருமை வேறு.

அந்தப் புலிக்குட்டி ஒரு திங்கட்கிழமை காலை கயிற்றை அறுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்து சேர்ந்தது. அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். நாற்பது இடுப்பிலும் படங்கு. சூட்டிக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் அகப்பட்டது பூரணத்தக்காவின் படங்கு. அவள் அலறிக்கொண்டு பின்வாங்க, அது உறுமிக்கொண்டு இழுக்க, பாவம், வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள்.

செல்லசாமி கங்காணி குடையைத் தரையில் ஊன்றினார். "நிஷாந்தி, இன்னொரு தடவ இந்த நாயி யாரு மேலயாச்சும் வாய வச்சுச்சு, அன்னைக்கே லொறில ஏத்தி வட்டகொடைப் பக்கம் விட்டுருவேன். பூரணத்துக்குக் காலு ஒடிஞ்சிருந்தா நீயா பதில் சொல்லுவ?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் நிஷாந்திக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சூட்டி அவளுடைய மகள் லக்சனா டிக்கோயா பஸ் நிறுத்தத்தில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தூக்கி வந்த குட்டி. மகள் இப்போது விடுதியில் தங்கி உயர்தர வகுப்பில் படிக்கிறாள். போன் எடுத்தால் தாயின் சுகத்தைக் கேட்பதற்கு முன்பு சூட்டியின் சுகத்தைக் கேட்பாள். அடுத்த மாதம் லீவுக்கு வரும்போது, உன் நாயை லொறியில் ஏற்றிவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? நிஷாந்தியால் முடியாது.

அந்த வாரமே தோட்டப் பாடசாலையில் நாய்களுக்கு ஊசி போட யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் டொக்டர், றமணன் என்று பெயர், அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"இழுத்து விளையாடுறது நல்லதுதான் அக்கா. ஆனா மேல தூக்காதேங்கோ, கழுத்துக்கும் பல்லுக்கும் கூடாது. நிலத்தோட பதிவாப் பிடிச்சு, இந்தப் பக்கம் அந்தப் பக்கமா மெதுவா ஆட்டுங்கோ. பல்லு கையில பட்டா விளையாட்டு அதோட சரி. 'விடு' எண்டு சொல்லிப்போட்டு அசையாம நில்லுங்கோ. இழுக்காத துணியில அதுக்கு என்ன சந்தோசம்? தானா விடும். விட்ட உடன ஏதும் தின்னக் குடுங்கோ. இன்னொண்டு, நீங்கள் உடம்பில கட்டுற சாமானில மட்டும் விளையாட்டுக் குடுக்கப்படாது. எது விளையாட்டு, எது உடுப்பு எண்டு அதுக்கென்ன தெரியும்?"

நிஷாந்தி பழைய கம்பளிச் சட்டையைக் கிழித்து மூன்று பிரியாகப் பின்னினாள். படங்குத் துண்டை அடுப்பில் போட்டாள். தினமும் மாலையில், கால் கழுவிய கையோடு, குந்தியிருந்து விளையாடினாள். "விடு" என்று சொல்லிவிட்டுக் கல்லாகிவிடுவாள். முதல் நாள் சூட்டி பத்து நிமிடம் உறுமியது. நாலாம் நாள் சொல்லி முடிக்குமுன் வாயைத் திறந்து, ரொட்டித் துண்டுக்காக அவள் முகத்தைப் பார்த்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரதாப் படியில் உட்கார்ந்து சிரித்தான். "இது என்னா புள்ள விளையாட்டு? கோயில்ல தேரு இழுக்கிற மாதிரி மெதுவா!"

"நீங்க தூக்காம இருந்தாப் போதுங்க. படங்க அது கண்ணுலயே காட்டாதீங்க."

"சரி, சரி."

அந்த 'சரி'யின் பெறுமதி அடுத்த புதன்கிழமை தெரிந்தது. கூட்டும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து புதுப் படங்குத் துண்டு ஒன்று வந்தது. நாலு பக்கமும் பல் தடம்.

"அது கம்பளிய மதிக்கவே மாட்டேங்குது. ஆம்பளை நாயி, அதுக்குக் கொஞ்சம் கெட்டியா வேணும்ல?" என்றான் பிரதாப், நியாயம் தன் பக்கம் இருப்பது போல.

நிஷாந்திக்குக் கத்தத் தோன்றியது. கத்தி என்ன பயன்? பதினேழு வருசமாகக் கத்திப் பார்த்தாகிவிட்டது. மாலையில் தான் போடும் முடிச்சை, மறுநாள் பகலில் இந்த மனுசன் உட்கார்ந்து அவிழ்க்கிறான். அவள் அந்தத் துண்டையும் அடுப்பில் போட்டாள். "நாளைக்கு நீங்க கடைசியா வெளிய வரும்போது கதவையாவது சாத்திட்டு வாங்க. அது ஒண்ணுதான் கேக்குறேன்."

மறுநாள் விடியற்காலை நல்ல மழை. காற்று குடையைத் திருப்பிவிட்டதால், செல்லசாமி ஒரு புதுப் படங்கைத் தோளில் போர்த்திக்கொண்டு பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரதாப் கொட்டாவி விட்டபடி பிந்தி வந்தான். அவனுக்குப் பின்னால், வாலை ஆட்டிக்கொண்டு சூட்டி.

நிஷாந்தி வரிசையை விட்டு ஓடி வருமுன் சூட்டி பாய்ந்து, கங்காணியின் முதுகில் தொங்கிய படங்கின் நுனியைக் கவ்விவிட்டது. செல்லசாமி திடுக்கிட்டு இழுத்தார். அவர் இழுக்க இழுக்க அதற்கு ஆனந்தம். போதாததற்குப் பிரதாப் ஓடிப்போய் நடுவில் பிடித்துத் தன் பலத்தையெல்லாம் கூட்டி மேலே இழுத்தான்.

"இழுக்காதீங்க!" நிஷாந்தி போட்ட சத்தத்தில் நாற்பது பெண்களும் அடங்கினார்கள். "கங்காணி ஐயா, அப்புடியே நில்லுங்க! அசையாதீங்க!"

இருபது வருசமாக மற்றவர்களை நில் என்று சொல்லிப் பழகிய மனிதர், அப்படியே நின்றார்.

"விடு!"

நாயும் விட்டது, கங்காணியும் விட்டார். விடாதவன் பிரதாப் ஒருவன்தான். இழுத்த வேகத்தில் முழுப் படங்கோடும் மல்லாக்கப் பறந்து, மழைத்தண்ணீர் ஓடிய கானுக்குள் போய் விழுந்தான்.

சூட்டி அவள் காலடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தது. நிஷாந்தி தன் சாப்பாட்டு ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துக் கொடுத்தாள். பிறகு கங்காணியைப் பார்த்தாள். லொறிச் சத்தம் இப்போதே காதில் கேட்பது போலிருந்தது.

செல்லசாமி நாயைப் பார்த்தார். சூட்டி மென்று விழுங்கிவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கானுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாத்தீங்களாங்க, நான் பழக்குன நாயி!"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கங்காணி நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பெயர்ப் புத்தகத்தைத் திறந்தார்.

"நாயி இருக்கட்டும், நிஷாந்தி," என்றார். "இவன மட்டும் அவுத்து விடாத."