பனிப்பூதத்தின் காலடியில் பாலேந்திரன்

கண்டி மஹய்யாவையில் கலாராணி வாயைத் திறந்தால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் போகிற பஸ் பிரேக் போடும். தபால் கந்தோர் கவுண்டரில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்து, "அடுத்த ஆள் வாங்க, அடுத்த ஆள்!" என்று கத்திக் கத்தி வளர்த்த தொண்டை அது. பென்ஷன் எடுத்ததும் அந்தத் தொண்டைக்கு வேலையில்லாமல் போனது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, மகள் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்து, ஒன்லைன் விளையாட்டொன்றில் வெள்ளை அங்கியும் கைத்தடியுமாக ஹீலர் அவதாரம் எடுத்துவிட்டாள்.

ஹீலர் என்றால் அடிபட்டவனுக்கு உயிர் ஏற்றுகிறவள். செத்தவனை எழுப்புகிறவளும் அவளே. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குகைக்குள் புகுந்து, உள்ளேயிருக்கிற பூதத்தை அடித்து விழுத்த வேண்டும்; அதற்கு ரெய்டு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ரெய்டுக்காகக் கலாராணி இரண்டு கல்யாணத்தையும் ஒரு காதுகுத்தையும் தட்டிக் கழித்திருக்கிறாள். "பூதம் சரிஞ்சு விழுற நேரம் அஞ்சு பேரும் சேர்ந்து கத்துவோம் பாருங்க, அந்த சுகம் பந்தியில கெடைக்குமா?" என்று கல்யாண வீட்டாரிடமே கேட்டவள்.

அவளுடைய குழுவுக்கு மகாவலி முதலைகள் என்று பெயர். தலைவர் பாலேந்திரன், பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்றவர், பிறந்தது சாவகச்சேரி. கண்டிக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் இந்த ஊர்ப் பேச்சு அவர் நாக்கில் ஒட்டவில்லை. ஒட்டக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டே மூச்சு விட்டார் என்பது கலாராணியின் கட்சி. விளையாட்டில் அவர் கொம்பு வைத்த தலைக்கவசமும் ஆளுயர வாளுமாகத் திரிவார். முன்னால் கேடயத்தோடு நின்று அடி வாங்குகிறவன் நிஸாம். மடவளையில் போன் கடை வைத்திருக்கிறான். அம்பு விடுகிறவள் சர்மிளா, நெருப்பு எறிகிறவன் சுதேஷ். இந்த இருவரும் மைக்கில் பேசுவதில்லை. கலாராணியும் பாலேந்திரனும் பேசி முடித்தால்தானே அவர்கள் பேச!

போன ஞாயிறுதான் வினை ஆரம்பித்தது. அன்று பனிப்பூதத்தின் குகை. அது மூச்சு விட்டால் ஆள் விறைத்துக் கட்டியாகிவிடுவான். முதல் மண்டபத்தில் அதன் பாதி உயிரை வாங்கியாயிற்று. இனி அடுத்த மண்டபத்துக்கு ஓட வேண்டும். பாலேந்திரன் கத்தினார்.

"வெளிக்கிடுங்கோ! எல்லாரும் வெளிக்கிடுங்கோ!"

யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. கோயிலுக்கு வெளிக்கிடுவார்கள், கொழும்புக்கு வெளிக்கிடுவார்கள். பூதத்தின் உறுமலுக்கு நடுவே கலாராணியின் காதில் 'வெளி' மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஏதோ ஆபத்து, வெளியே போகச் சொல்கிறார் என்று நினைத்து, குகையை விட்டு வெளியேறுகிற பொத்தானை ஓங்கி அமுக்கினாள். அடுத்த நிமிஷம் அவள் சந்தையில் கோழிகளுக்கு நடுவே நின்றாள். குகைக்குள் மற்ற நாலு பேரும் உயிர் ஏற்ற ஆளில்லாமல் ஐஸ்பழமாகிப் போனார்கள்.

"எங்க போயிட்டியள்?" என்று அலறினார் பாலேந்திரன்.

"நீங்கதானே சேர் வெளிய போகச் சொன்னீங்க!"

"நான் வெளிக்கிடச் சொன்னனான்!"

"அதத்தானே நானும் செஞ்சேன்!"

"கடவுளே! தமிழ் விளங்காத ஆக்களை வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு பூதம் அடிக்கிறது?"

கலாராணிக்கு உச்சந்தலையில் கெண்டி கொதித்தது. இலங்கை முழுவதும் எழுதிய கோழிக்கீறல் விலாசங்களை எல்லாம் வாசித்து வீடு சேர்த்தவளுக்கா தமிழ் விளங்காது? அதுவரை 'சேர்' போட்டுப் பேசியவள், அந்தச் 'சேரை' அங்கேயே கழற்றி எறிந்தாள்.

"இங்க பாருங்க பாலேந்திரன், கெளம்புங்கன்னு ஒழுங்கா சொல்லத் தெரியாத ஆளுக்கு எதுக்குக் கொம்பு வச்ச தொப்பி?"

திங்கட்கிழமை காலையில் குழுவின் வாட்ஸ்அப்பில் அரசாங்க வர்த்தமானி மாதிரி ஓர் அறிவித்தல் வந்து விழுந்தது. 'எதிர்வரும் ஞாயிறு பனிப்பூத ரெய்டில் எம்மில் ஒருவர் இறந்தாலும் ஹீலர் குழுவிலிருந்து நீக்கப்படுவார். இங்ஙனம், தலைவர்.'

வேறு குழு தேடலாமே என்றால், அவளுடைய தொண்டையை ஒருதரம் கேட்ட மூன்று குழுக்கள் ஏற்கெனவே கதவைச் சாத்தியிருந்தன. இந்த இடம் போனால் இனி ரெய்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெறுமனே துணி காயப்போடுகிற நாளாகிவிடும். கலாராணி அந்த வாரம் முழுவதும் பல்லைக் கடித்தபடியே சோறு தின்றாள்.

ஞாயிறு வந்தது. மூன்று மணிக்கு ஐந்து பேரும் குகை வாசலில் நின்றார்கள். வெளியே ஹந்தானை மலைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது.

"ஹீலர் வந்திட்டாவோ, இல்லாட்டி சந்தையில கோழி பாக்கிறாவோ?" என்று தொடங்கினார் பாலேந்திரன்.

"ஹீலர் வந்தாச்சு. வாளைத் தலைகீழா புடிச்சிருக்கீங்க, மொதல்ல அதத் திருப்புங்க."

"இது அப்பிடித்தான் பிடிக்கிறது!"

"அப்போ பூதம் சிரிச்சே செத்துரும், நமக்கு வேலையே இல்ல."

"யா அல்லாஹ்! பூதம் உள்ள ஈக்கிது, நீங்க ரெண்டு பேரும் வாசல்லயே வெட்டிக்கொள்றீங்க. வாங்க போவோம்," என்றான் நிஸாம்.

உள்ளே போனார்கள். கலாராணியின் விரல்கள் அன்று பறந்த வேகத்தைப் பார்த்திருந்தால் பழைய கந்தோர் முத்திரையே வெட்கப்பட்டிருக்கும். நிஸாம் வாங்கிய ஒவ்வோர் அடிக்கும் உயிர் ஏற்றினாள். சர்மிளாவின் கால் விறைத்தது; இளக வைத்தாள். சுதேஷ் தான் எறிந்த நெருப்பில் தானே எரிந்தான், அவனையும் அணைத்தாள். பாலேந்திரனுக்கும் ஏற்றினாள். ஆனால் அவருடைய உயிர் கால்வாசிக்கு இறங்கும்வரை காத்திருந்து, அவர் "ஹீல்! ஹீல்! என்ன செய்யிறியள்?" என்று பதறியபின்தான் ஏற்றினாள். அதில் அவளுக்குக் கிடைத்த சந்தோஷத்தைத் தராசில் போட்டால் தராசு முறியும்.

முதல் மண்டபம் முடிந்தது. பாலேந்திரன் தொண்டையைச் செருமினார். "வெளிக்... சீ! அடுத்த மண்டபத்துக்குப் போவம்!"

"ஆகா, தமிழ் நல்லா வருதே!" என்றாள் கலாராணி.

இரண்டாம் மண்டபத்தில் பூதம் ஒன்றுக்கு இரண்டாக வளர்ந்து நின்றது. அதன் தலை மேகத்துக்குள் இருந்தது. பாதம் ஒவ்வொன்றும் போகம்பரை மைதானம் அளவு. பத்து நிமிஷம் அடித்தார்கள். பூதத்துக்கு நகக்கண் அளவு உயிர்தான் மிச்சம். அப்போதுதான் அது வலது காலைத் தூக்கியது. நேர் கீழே பாலேந்திரன் வாளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு கணம் கலாராணி உண்மையாகவே அவரைக் காப்பாற்றத்தான் நினைத்தாள். அவர் செத்தால் இவளுடைய இடம் போய்விடுமே! உள்ளதையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"பாலேந்திரன்! வெரசா! வெரசா வாங்க இந்தப் பக்கம்!"

மலையகத்தில் வெரசா என்றால் சீக்கிரம். பாலேந்திரன் சாவகச்சேரிக்காரர். சீக்கிரத்துக்குக் 'கெதியா' என்றுதான் அவருக்குத் தெரியும். பனிக்குகைக்குள் நின்ற அவருக்கு அது 'விறைச்சா' என்று கேட்டது.

"ஆர் விறைச்சது?" என்று கேட்டு நின்றார். "சர்மிளா, நீரோ? சுதேஷ், நீரோ விறைச்சது?"

"வெரசா, வெரசா!" கலாராணியின் குரலில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அதைத்தான் கேக்கிறன், ஆர் விறைச்..."

பாதம் இறங்கியது. கொம்புகள் இரண்டும் வெளியே தெரிய, மிச்சப் பாலேந்திரன் ரொட்டி மாதிரித் தரையில் பரவினார். அதே நொடியில் சுதேஷின் நெருப்பு பூதத்தின் தாடையில் வெடித்தது. பூதம் சரிந்தது. யாரும் சேர்ந்து கத்தவில்லை.

"செத்துட்டாரு! ஐயோ, பாலேந்திரன் செத்துட்டாரு!" என்று கலாராணிதான் அலறினாள்.

பக்கத்து வீட்டு வடிவம்மா ஈரக் கையோடு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "யாரு ராணி? நெஞ்சு வலியா? எப்ப எடுக்கிறாங்களாம்?"

"இது வெளையாட்டுல, வடிவக்கா."

"வெளையாட்டுலயா செத்தாரு? ஓடி ஆடுற வயசா இது?" வடிவம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போகிற எண்ணமில்லை.

செத்தாலும் மைக் சாகாது. தரையிலிருந்து பாலேந்திரனின் குரல் குதூகலமாக எழும்பியது. "பாத்தியளே? நான் செத்துப்போனன். ஒருத்தர் செத்தாலும் ஹீலர் வெளியில எண்டு அறிவிச்சனான். இப்பவே நீக்கிறன்!"

கலாராணி குழுப் பட்டியலைத் திறந்தாள். திரையில் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் போகவில்லை. பாலேந்திரன் பொத்தானை அமுக்குகிற சத்தம் மட்டும் மைக்கில் டக் டக் என்று கேட்டது.

"என்ன இது, வேலை செய்யுதில்லை?"

"சேர், செத்த ஆளுக்கு யாரையும் நீக்க ஏலாது," என்றான் நிஸாம். "மொதல்ல நீங்க எழும்போணும்."

"அப்ப எழுப்பச் சொல்லுங்கோ."

"யாருக்கிட்ட சொல்ற?"

செத்தவர்களை எழுப்பக்கூடிய ஆள் அந்தக் குழுவில் ஒருத்திதான்.

"கலாராணி," என்றார் பாலேந்திரன், பல்லைக் கடித்துக்கொண்டு. "என்னை எழுப்புங்கோ."

"எதுக்கு?"

"உங்களை நீக்கிறதுக்கு."

கலாராணி சிரித்த சிரிப்பில் வடிவம்மா கதிரையோடு ஓரடி பின்னால் போனாள். "நல்லா இருக்குங்க நியாயம்! படுத்துக்கங்க அப்படியே. குகை குளுகுளுன்னுதானே இருக்கு."

"இது ஒழுங்கீனம்! நான் தலைவர்!"

"நீங்க பொணம்."

பாலேந்திரன் மூச்சு வாங்குவது பேராதனையிலிருந்து மஹய்யாவை வரைக்கும் கம்பியே இல்லாமல் கேட்டது. சற்று நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. செத்த தலைவர் ஆளை நீக்க முடியாதே தவிர, பதவியைக் கைமாற்றலாம். "நிஸாம், தலைமையை உங்களுக்குத் தாறன். நீங்கள் உந்தக் கலாராணியை நீக்கிப்போட்டுத் திருப்பித் தாங்கோ. விளங்குதே?"

தலைவருக்கு உரிய தங்கக் கிரீடம் பாலேந்திரனின் பெயரிலிருந்து கழன்று நிஸாமின் பெயருக்கு மேல் போய் உட்கார்ந்தது. கலாராணி வடிவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பொத்தான்தான். அமுக்கினால் முடிந்தது.

நிஸாம் அவசரப்படவில்லை. யாரோ கடைக்கு வந்து போன் கவர் விலை கேட்டார். அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தான்.

"சேர், ஒண்டு சொல்றேன், கோவிக்க வாணாம். முன்னுக்கு நிண்டு அடி வாங்கிறது நான். இண்டைக்கு எழுவது அடி வாங்கினேன். எழுவது தரமும் அக்காதான் உசிர் தந்த. அவங்கள அனுப்பிட்டு நான் யாரை நம்பி நிக்கிற?"

"அப்ப என்ரை அறிவித்தல்?"

"அது பழைய தலைவர்ட அறிவித்தல் சேர்."

அப்போதுதான் சர்மிளாவும் சுதேஷும் வாய் திறந்தார்கள். இரண்டு பேரும் "சரி" என்றார்கள். அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது.

"கிரீடத்தைத் திருப்பித் தாங்கோ!"

"தரலாம் சேர், கொஞ்ச நாள் போகட்டும். அக்கா, இப்ப அவரை எழுப்பிடுங்க. பாவம், கொம்பு ரெண்டும் நீட்டிக்கொண்டு ஈக்கிது."

கலாராணி கைத்தடியைத் தூக்கினாள். செத்தவனை முழு உயிரோடு எழுப்புகிற மந்திரம் ஒன்று அவளிடம் இருந்தது. ஒரு சொட்டு உயிரோடு மட்டும் எழுப்புகிற மந்திரமும் இருந்தது. புதுத் தலைவர் எது என்று சொல்லவில்லையே! அவள் சிறியதை எடுத்தாள்.

பாலேந்திரன் எழுந்து நின்றார். மருந்து குடித்திருக்கலாம்; நிஸாமின் கேடயத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கலாம். அவர் நேரே கலாராணியிடம் வந்து, "உமக்கு வெக்கமில்லையே? ஒரு பொறுப்பான ஆளைக் குப்புறக் கிடத்திப்போட்டு..." என்று ஆரம்பித்தார். கூரையிலிருந்து ஒரு வௌவால் இறங்கியது. பிறந்து பத்து நாள் இருக்கும், அவ்வளவு சின்னது. அதன் இறக்கை அவருடைய மூக்கில் பட்டது.

பாலேந்திரன் மறுபடி செத்தார்.

நிஸாம் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். சர்மிளா மைக்கை மூட மறந்து விக்கினாள். "கலாராணி! எழுப்புங்கோ! கெதியா!" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

"எழுப்பவா தலைவரே?" என்று கலாராணி நிஸாமிடம் பணிவாகக் கேட்டாள்.

நிஸாமுக்குச் சிரிப்பு அடங்கிப் பேச்சு வர இன்னும் நேரமாகும் போலிருந்தது. அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வடிவம்மாவுக்கும் தனக்கும் தேத்தண்ணிக்குக் கெண்டி வைக்க எழுந்து போனாள்.