ஐந்தருவிப் பாசி

குழல்வாய்மொழியின் இடது கண் ஆறு வருஷமாக வடிந்துகொண்டே இருந்தது. அழுகை இல்லை, சும்மா வடிந்தது. அதற்காகத் தென்காசியில் ஒரு விசேஷ வீட்டிலும் அவளை முன்னால் நிற்க விடவில்லை. தை மாதம் மகள் உலகம்மாளுக்குக் கல்யாணம். "கண்ணுல தண்ணி ஊத்திக்கிட்டு மணவடைப் பக்கம் வந்தியோ, மூதேவி, நடக்கதே வேற" என்று புருஷன் தில்லைநாயகம் சொல்லிவிட்டார்.

பெற்ற பிள்ளைக்குத் தாலி ஏறுவதை அடுக்களைக்குள் இருந்தா பார்ப்பது? அழுது அடம்பிடித்து, வைத்தியம் பார்க்கத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டாள். ஊர் வாய்க்குப் பயந்து அவரும் மகளோடு கூட வந்தார்.

டாக்டர் அவள் மூக்குக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணீர் மூக்குக்குள்ளதாம்மா இறங்கணும். அந்த எலும்புக் குழாய் நொறுங்கி அடைச்சிருக்கு. மூக்குத் தண்டும் வளைஞ்சிருக்கு. பலமான அடி. எப்படிப் பட்டது?"

தில்லைநாயகம் சுவரிலிருந்த காலண்டரைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். ரசத்தில் உப்புக் கூடிப்போயிற்று என்று ஆறு வருஷத்துக்கு முன் வெண்கலச் செம்பால் அடித்த மகராசன் அவர்தான். உலகம்மாளும் அன்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐந்தருவியில பாசி வழுக்கி விழுந்துட்டேன்யா" என்றாள் குழல்வாய்மொழி.

மரத்துப்போக மருந்து வைத்து, மூக்கோரம் கீறி, எலும்பைச் சிற்றுளியால் தட்டி மூக்குக்குள் புது வழி திறந்தார் டாக்டர். ஒவ்வொரு தட்டும் மண்டைக்குள் கேட்டது. மணவடையை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள்.

கல்யாணத்தன்று கண் காய்ந்திருந்தது. முன்னால் நின்று கண்ணாரப் பார்த்தாள். "நான்லா கூட்டிட்டுப் போயி சரியாக்குனேன்" என்று சம்பந்தியிடம் பீற்றிக்கொண்டார் தில்லைநாயகம். வெட்கங்கெட்ட மனுஷன்!

பங்குனியில் உலகம்மாள் தனியாக வந்து இறங்கினாள். மூக்கு வீங்கிக் கறுத்திருந்தது. இடது கண் வடிந்தது.

"ஏட்டி, மாப்பிள்ளை அடிச்சாரா?"

"ஐந்தருவியில பாசி வழுக்கிட்டும்மா."

குழல்வாய்மொழி மகளின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "பாவி மட்டை, பங்குனியில அருவியில ஏதுட்டி தண்ணி? பாறை காஞ்சுல்லா கெடக்கு!"

உலகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ விழுந்ததும் பங்குனியிலதாம்மா."