ஈத்தேனுக்கு நாலு ஆக்சிஜன்

"அண்ணி, இங்க பாருங்களேன். இருபத்தேழு பேப்பர், இருபத்தேழுலயும் ஒரே தப்பு!"

கூவியவள் என் நாத்தனார். இருவருமே வேதியியல் டீச்சர்கள், வேறு வேறு பள்ளி. பொதுத் தேர்வின் விடைத்தாள் திருத்த ஒரே கூடத்தில் அடுத்தடுத்த மேசை கிடைத்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

ஈத்தேன் எரியும் சமன்பாடு. இரு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கை சமமாக வேண்டும். ஏழு ஆக்சிஜன் மூலக்கூறு வர வேண்டிய இடத்தில் அத்தனை பேரும் நாலு போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு CO₂, H₂O என்று ஒவ்வொரு வாய்பாட்டைச் சுற்றியும் குட்டியாக ஒரு பெட்டி.

பெட்டி என் கண்டுபிடிப்பு. சமன் செய்யச் சொன்னால் பிள்ளைகள் வாய்பாட்டுக்குள் இருக்கும் சின்ன எண்ணையே மாற்றிவிடுவார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருக்காது. அதனால் பெட்டி போடச் சொல்வேன். உள்ளே கை வைக்கக் கூடாது, எண்ணை முன்னால்தான் போட வேண்டும். அந்த நாலும் எங்கள் பெண்கள் பள்ளிக் கரும்பலகையில் நான் போட்டதுதான். மணியடிக்கிற அவசரத்தில், கார்பன் டை ஆக்சைடில் இருந்த எட்டு ஆக்சிஜன் அணுக்களை எண்ணினேன், தண்ணீரில் இருந்த ஆறை விட்டுவிட்டேன்; மூலக்கூறுக்கு இரண்டு அணு, ஆக நாலு. வீட்டுக்குப் போகும் பேருந்திலேயே உறைத்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் வேறு பாடம். சோம்பேறித்தனம், வேறென்ன?

தலைமைத் தேர்வாளர் வந்து தாள்களைப் புரட்டினார். "இந்தப் பெட்டி ஏதோ சிக்னல் மாதிரி இருக்கு. யாரோ ஆன்சர் அனுப்பியிருக்காங்க. மொத்தத்தையும் கேன்சல் பண்ண எழுதிடறேன்."

ரத்தானால் இருபத்தேழு பேருக்கும் ஒரு வருடம் போய்விடும். எழுந்தேன், உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமலே திரும்பினேன். என் இருப்புக்கொள்ளாமையை நாத்தனார் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"உங்க ஸ்கூலா அண்ணி?" என்று கிசுகிசுத்தாள். "வாயத் தொறக்காதீங்க. பிரமோஷன் வர்ற நேரத்துல மெமோ வாங்கிக்காதீங்க."

வாயை மூடிக்கொண்டிருக்க ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? ஆனால் அவர் முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

"சார், அது காப்பி இல்ல. போர்டுல நான்தான் தப்பா போட்டேன். பெட்டியும் நான் சொல்லிக்குடுத்தது."

கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார். "எழுதிக் குடுங்கம்மா. கேன்சல் பண்ணல. ஆனா அந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது."

எழுத உட்கார்ந்தேன். அவமானத்தில் காது சுட்டது. நாத்தனார் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினாள்.

"இதப் பாருங்க அண்ணி. இந்தப் பொண்ணு மொதல்ல ஏழுன்னுதான் போட்டிருக்கா."

ஓரத்தில் குட்டிக் கணக்கு: எட்டு, ஆறு, பதினாலு, அதில் பாதி ஏழு. எல்லாம் சரி. அதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கீழே, பெட்டி பெட்டியாக, என் நாலு. டீச்சர் போட்டதுதான் சரியாக இருக்கும் என்று தன் கணக்கை அடித்துவிட்டிருக்கிறாள். அடித்ததற்கு மார்க் போட விதியில்லை.

தாளில் பெயர் இருக்காது. இருபத்தேழு முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். என்னைவிட நன்றாக எண்ணத் தெரிந்தவள் எவளென்று எனக்குத் தெரியவில்லை.