பதினாலாம் நம்பர் சீட்

மூன்று நாளாக இந்துப்ரியா பசுமலை வீட்டு மாடியறையை விட்டு இறங்கவில்லை. கம்பெனி வேலையை உதறிவிட்டு, தனியாக வெப்சைட் செய்துகொடுக்கத் தொடங்கியபின் கிடைத்த முதல் பெரிய வேலை, ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் புக்கிங். எல்லாம் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. எப்போதாவது ஒரே சீட் இரண்டு பேருக்குப் பதிவாகிவிடும். பணம் கட்டும் பகுதியில்தான் கோளாறு என்று அதையே குடைந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு எதிர்வீட்டுத் தோழி தமிழ்ச்செல்வி ஷட்டில் பேட்டோடு மாடியேறி வந்தாள். வேலை கிடக்கிறது என்று இந்து எவ்வளவோ சொல்லியும் அவள் நகரவில்லை.

"அரை மணி நேரம் வா. அதுக்குள்ள உன் பஸ்ஸு எங்கிட்டும் போயிராது."

தெருமுனைக் காலிமனையில் ஆட்டம். எதிர்ப்பக்கம் அதே தெரு முனீஸ்வரியும் அவள் நாத்தனார் முத்துத்தாயும். முதலில் கொஞ்ச நேரம் இந்துவின் உடம்பு மட்டும்தான் அங்கே இருந்தது. பிறகு வேர்த்தது, மூச்சு வாங்கியது, பஸ் மறந்தே போனது. பதினெட்டுக்குப் பதினெட்டு. முத்துத்தாய் தூக்கியடித்த பந்துக்கு இந்துவும் தமிழ்ச்செல்வியும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். பேட்டும் பேட்டும் மோதின. பந்து நடுவில் விழுந்தது.

"எனக்குன்னு முதல்ல சொல்லுடி. அப்புறம் அடி," என்றாள் தமிழ்ச்செல்வி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே.

இந்து அப்படியே நின்றாள். பணம் கட்டும் இடத்தில் கோளாறே இல்லை. சீட் காலியா என்று இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால், இருவருக்கும் காலி என்றே பதில் போகிறது. முதலில் தொட்டவர் பேரில் சீட்டைப் பிடித்துவைத்துவிட்டு, பிறகுதானே பணம் கேட்க வேண்டும்?

பேட்டைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். என்னவோ ஏதோவென்று மற்ற மூவரும் அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் யாரும் திரும்பிப் போகவில்லை. முக்கால் மணி நேரம் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இந்து அந்தப் பகுதியை மாற்றியெழுதி முடித்து, அவரவர் போனில் பதினாலாம் நம்பர் சீட்டை ஒன்றாகத் தொடும்படி மூன்று பேரிடமும் சொன்னாள்.

தொட்டார்கள். முத்துத்தாய் போனில் மட்டும் பச்சை விழுந்தது. மற்ற இரண்டும் வேறு சீட் பார்க்கச் சொல்லின. இந்து சீட்டைக் காலியாக்கக் காலியாக்க, திரும்பத் திரும்பத் தொட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒருவருக்குத்தான்.

இந்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது.

"ஏத்தா, இது எந்த ஊருக்குப் போற பஸ்ஸு?" என்று கேட்டாள் முத்துத்தாய். "சன்னலோரமான்னு பாரு."